இருபது தறிகளுக்கு நடுவே ஒரு மைக்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் என் பையில் என்ன பிராணி இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் லாட்ஜ் மேனேஜர். இன்னொருவர் ராஜபாளையம் போகும் பஸ்ஸின் கண்டக்டர். பையின் ஜிப் பாதியில் நின்றுபோய், காற்றிரைச்சல் ஏறாமலிருக்க மைக்குக்குப் போடும் ரோம உறை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், அடர்த்தியான முடி. சந்தேகப்பட்டதில் தவறில்லை.

"உசுரோட இருக்கா சார் அது?" என்றார் கண்டக்டர்.

"மைக் உறைங்க."

"அதானே பாத்தேன். ராஜபாளையத்துக்கு நாய் வாங்கத்தான் ஆள் வருவாவ. நீங்க என்னடான்னா இங்கேருந்து கொண்டுட்டுப் போறீயளேன்னு பாத்தேன்."

பக்கத்து சீட்டுக்காரர் ரோமத்தைத் தொட்டுப் பார்த்து, ஆட்டுத் தோலா என்று விசாரித்தார். செயற்கை முடி என்றதும் அவருக்கு என் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

நான் அம்பத்தூரில் இருக்கிறேன். ஒலிப்பதிவு என் வேலை. நானும் நிர்மலாவும் சேர்ந்து சின்னதாக ஒரு வீடியோ நிறுவனம் நடத்துகிறோம். படம் அவள், சத்தம் நான். போன மாதம் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவள் மட்டும் ராஜபாளையம் வந்து ஒரு தறிக்கூடத்தில் படம் எடுத்தாள். ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் கூடம். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு பயிற்சிப் படம். இருபத்திரண்டு வருஷமாக அங்கே தறி ஓட்டும் சொர்ணம் அக்கா, நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது, குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தால் எப்படி மாற்றுவது என்று செய்துகொண்டே விளக்குவார். படம் அருமையாக வந்திருந்தது. சத்தத்தில், தகரக் கொட்டகை மேல் அடைமழை பெய்வதுபோல் இரைச்சல் மட்டும்தான் இருந்தது.

கவலையே வேண்டாம், சென்னையில் ஒரு அறிவிப்பாளர் அம்மாவைப் பேச வைத்து ஒட்டிவிடுங்கள் என்றார் முதலாளி. அது சொர்ணம் அக்கா காதுக்கு எட்டிவிட்டது. நிர்மலாவுக்கு போன் போட்டார்.

"வாய் என்னுது, வேலை என்னுது. சத்தம் மட்டும் வேற ஆருதோவா? நாளப்பின்ன அந்தப் பிள்ளைக எல்லாம் இது யாரு பேசுதான்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

நிர்மலா அதை ஒப்புக்கொண்டாள். உங்கள் குரலையே எடுத்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு என்னை ஏற்றி அனுப்பினாள். கூடவே அவளுடைய சின்னக் கேமராவும், தெரிந்த கடையில் சோதித்துப் பார்க்க எடுத்த இரண்டு ஷாட்கன் மைக்குகளும். ஷாட்கன் என்றால் பயப்பட வேண்டாம். நீளக் குழாய் மாதிரி இருக்கும். நேர் முன்னால் வரும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் வருவதை முடிந்தவரை தள்ளிவிடும். ஒன்று முழங்கை நீளம். இன்னொன்று ஒரு சாண். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும். மூன்று நாளில் எது என்று நான் சொல்ல வேண்டும்.

நான் கிளம்பும்போதே முடிவு பண்ணிவிட்டேன், நீளமானதுதான் என்று. அம்புட்டுப் பெரிய குழாயைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது.

ராஜபாளையத்தில் கல்யாண முகூர்த்தம் என்று லாட்ஜ் ஒன்றிலும் இடமில்லை. அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வாசம். அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே மூன்று பால்கோவாக் கடைகள். மூன்றிலும் இதுதான் அசல் கடை என்று போர்டு. அம்பத்தூரில் எங்கள் தெருவில் ஒரே ஒரு இனிப்புக் கடை, அதுகூடத் தன்னை அசல் என்று சொல்லிக்கொள்வதில்லை. சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும், சொல்லாததில் நியாயம் இருக்கிறது.

முதல் நாள் மத்தியானம் தறிக்கூடத்தில் கால் வைத்தேன். இருபது விசைத்தறிகள். வாசலில் இருந்தவரை காவலாளி பேசியது கேட்டது. உள்ளே ஒரு அடி வைத்ததும் அவர் வாய் மட்டும் அசைந்தது. பஞ்சுத் தூசி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் சேலையை இழுத்துச் செருகி, முடியை முடிந்து, தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். தொங்குகிற எதுவும் தறிப் பக்கம் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். சட்டையில் குத்தும் சின்ன மைக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லாத் தறியையும் நிறுத்தவும் முடியாது, ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் ரூமில் உட்கார வைத்துப் பேசவிட்டுப் பார்க்கலாமே என்றால், அதை நிர்மலா போன மாதமே செய்து பார்த்திருந்தாள். சொர்ணம் அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாராம். கையில் நூல் இருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

அவரை வெளியே டீக்கடை வாசலில்தான் முதலில் பார்த்தேன். ஐம்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, மிருதுவான குரல். கணீரென்று இல்லாவிட்டாலும் தெளிவான குரல்.

"நீங்கதான் சத்தம் பிடிக்கிற தம்பியா? அந்தப் பிள்ள சொல்லுச்சு. சாப்பிட்டீயளா?"

சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டேன், எங்கே, எத்தனை பரோட்டா என்று வரிசையாகக் கேட்டார். நான் சொன்ன கடைப் பெயரைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். நாளைக்கு வேறு கடைக்குப் போகும்படி உத்தரவாகிவிட்டது.

உள்ளே போய்க் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீள மைக்கை ஒரு கம்பில் கட்டி அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். கை காட்டினேன். அவர் ஒரு நூலை அறுத்தார், முடிச்சுப் போட்டார், என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். உதடு நன்றாக அசைந்தது. ஹெட்போனில் தறி மட்டும். கிட்டே போனேன். தறி. இன்னும் கிட்டே போய், அவர் மூக்கில் இடிக்கிற அளவுக்கு நீட்டினேன். தறிதான். இடையில் எங்கோ ஒரு முனகல் வந்த மாதிரி இருந்தது. அதுகூட என் வயிறாக இருக்கலாம்.

இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். பக்கத்துத் தறிப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தறி மெக்கானிக் கருப்பசாமி அண்ணன் என்னை வெளியே கூட்டிப் போய்க் குழாயை வாங்கி ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார்.

"அடைச்சிருக்கோ என்னவோ. ஒரு ஊது ஊதிப் பாக்கவா?"

அவர் ஊதுவதற்குள் வாங்கி உறைக்குள் போட்டேன். அறைக்குத் திரும்பியதும் நிர்மலா கேட்டாள். நீள மைக் சரியில்லை, தகரக் கூரையில் சத்தம் எல்லாப் பக்கமும் மோதித் திரும்புகிறது, குழாய் குழம்பிப்போகிறது, நாளைக்குக் குட்டை மைக் என்று விளக்கமாகச் சொன்னேன். கிளம்பும்போது நீதானே நீளம்தான் என்றாய் என்றாள். சிக்னல் சரியில்லை என்று போனை வைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். குட்டை மைக்கைப் பையிலிருந்து எடுத்து, ஹெட்போனை மாட்டி, ஊர்ச் சத்தத்தில் சோதித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன். நன்றாகவே இருந்தது. இரண்டு சீட் முன்னால் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த எல்லாமே துல்லியமாகக் கேட்டது. மருமகள் பாவம். அதில் லயித்துப்போனதில் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவியது கேட்கவில்லை, அவர் கொடுத்த சீட்டையும் பார்க்காமல் பைக்குள் போட்டேன். ஜன்னலில் தென்னந்தோப்பு தோப்பாக வந்தபோதுதான் உறைத்தது. ஒலிப்பதிவுக்காரன், காதில் ஹெட்போன், கையில் மைக், இறங்கிய இடம் வத்திராயிருப்பு.

திரும்பிப் போகும் பஸ்ஸுக்குச் செத்த நேரம் ஆகும் என்றார்கள். அந்தச் செத்த நேரம் முக்கால் மணி நேரம். ஆனி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கித் தென்னை மட்டைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. வந்ததுக்கு ஒரு வேலையாகட்டும் என்று ரோம உறையைப் போட்டும் எடுத்தும் இரண்டு மைக்கையும் காற்றில் சோதித்தேன். இரண்டும் குறை சொல்ல முடியாதபடி நடந்துகொண்டன. திறந்த வெளியில் நீள மைக், தூரத்தில் தேங்காய் உரிப்பவரின் மூச்சைக்கூடக் கொண்டுவந்தது. இவ்வளவு நல்ல பிள்ளை தறிக்கூடத்தில் மட்டும் ஏன் மானத்தை வாங்கியது என்று எனக்குப் புரியவில்லை.

மாம்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவர்மெண்ட்டா?"

"இல்லைங்க. சத்தம் எடுக்கிறேன்."

"எதுக்கு?"

நான் கூடையைப் பார்த்தேன். ஒரு சப்பட்டை மாம்பழம் வாங்கினேன். தட்டையாக, தோல் மெலிசாக, அப்படி ஒரு இனிப்பு. சென்னையில் மாம்பழத்துக்கு அழகு அதிகம், இதற்கு ருசி அதிகம். மூன்றாவது பழத்தில்தான் பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு மறுபடி செத்த நேரம்.

தறிக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாடு முடிந்திருந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குட்டை மைக்கை நீட்டினேன். சொர்ணம் அக்கா முந்தின நாள்போலவே பொறுமையாக நூலை அறுத்து, முடிந்து, உதட்டை அசைத்தார். ஹெட்போனில் தறி. வெறும் தறி. மைக் இரண்டும் தோற்றால் இந்த மனுஷியிடம் போய் என்ன சொல்வது. இருபத்திரண்டு வருஷம் நின்ற இடத்தில் நின்று, கேட்டதெல்லாம் தன் படத்தில் தன் குரல் வேண்டும் என்பது மட்டும்தான். அதைக்கூட எடுத்துத் தர முடியாத நான் என்ன சத்தக்காரன்.

கூடத்தின் கோடியில் கண்ணாடி அடைத்த ஒரு ரூம். முதலாளி அதற்குள் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். சொர்ணம் அக்கா அவர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, வெளியே வா என்று சைகை காட்டினார்.

டீக்கடை வாசலில் நின்று சொன்னார்.

"மொதலாளி அவுக தம்பிட்ட பேசுதாரு. 'நாளையோட இந்த ஆளு போயிருவான். மெட்ராசு அம்மாவையே பேசச் சொல்லிரு, ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிஞ்சிரணும், இதுக்கு மேல காத்திருக்க முடியாது'ங்காரு."

"உங்ககிட்ட சொன்னாராக்கா?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதாரு? இப்பத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு, தெலுங்குல."

"கண்ணாடிக்குள்ள இல்ல இருந்தாரு? இந்தச் சத்தத்துல எப்படிக் கேட்டுச்சு?"

"கேக்கல தம்பி. வாயப் பாத்தேன்."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"தெலுங்கு ஒண்ணும் பெரிய விசயமில்ல," என்றார் அவர், நான் அதில்தான் மலைத்துப்போனேன் என்று நினைத்து. "எங்க வீட்டுக்கு ரெண்டு பக்கமும் தெலுங்குக்காரவியதான். அவிய சண்டையக் கேட்டு வளந்தவ நான். வாயப் பாத்தாப் போதும். உள்ள நாங்க எல்லாரும் அப்படித்தான பேசுதோம். சத்தம் போட்டு என்ன ஆகப்போவுது, தொண்டைதான் போவும். வந்த புதுசுல கத்துவாளுக, ஒரு மாசத்துல அடங்கிருவாளுக."

"அக்கா," என்றேன். "ரெண்டு நாளா மைக்குக்கு முன்னாடி பேசினீங்களே."

"ஆமா, பேசத்தான செஞ்சேன்."

"சத்தம் விட்டுப் பேசினீங்களா?"

அவர் ஒரு வாய் டீ குடித்தார்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? உள்ள என் சத்தம் எனக்கே கேக்காதே."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கருப்பசாமி அண்ணன் புரையேறிச் சிரித்தார். இரண்டு நாளாக இரண்டு மைக்கைத் திட்டி, தகரக் கூரையைத் திட்டி, நிர்மலாவுக்குப் பாடம் நடத்தி, ஒரு வாயிலிருந்து வராத சத்தத்தைக் குழாய் வைத்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்துத் தறிப் பெண்கள் சிரித்ததன் காரணமும் புரிந்தது. அவர்களிடம் பேசுவதுபோலவே அக்கா என்னிடமும் வாயை மட்டும் அசைத்திருக்கிறார்.

சாயங்காலம் சத்தம் விட்டுப் பேசச் சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டு வார்த்தை வந்தது, மூன்றாவதில் பழக்கம் ஜெயித்துவிட்டது. அடுத்த தடவை பஸ்ஸைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினார், இருமல்தான் வந்தது. காதில் விழாத குரலை எந்த அளவில் விடுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. யாருக்குத்தான் பிடிபடும்.

அன்றைக்கு அக்கா சொன்ன கடையில் எண்ணெயில் பொரித்த பரோட்டா சாப்பிட்டேன். மொறுமொறுவென்று நொறுங்கியது. பல்லில் அது நொறுங்கும் சத்தம் மண்டைக்குள் கேட்டபோதுதான் யோசனை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், கை கழுவக் குனிந்தபோது கழுத்தில் தொங்கிய ஹெட்போன் தொட்டித் தண்ணீரில் விழப்போனது. பிடித்தேன். பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் நின்றவர், "அண்ணே, கழுவீட்டீயன்னா நகருங்க" என்றார்.

மூன்றாம் நாள் காலை, சரியான பஸ்ஸில் ஏறி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஹெட்போனைச் சொர்ணம் அக்கா காதில் மாட்டினேன். ஒயர் தொங்கக் கூடாதே. கருப்பசாமி அண்ணன் நெய்து கிடந்த பேண்டேஜ் துணியில் ஒரு முழம் கிழித்து, ஒயரை அக்காவின் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். ரெக்கார்டரோடு நான் பின்னால் நின்றேன். முதலாளி கண்ணாடி ரூமிலிருந்து வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். காதில் கவசம் மாதிரி இருக்கிறதே, படத்துக்கு நல்லதுதான் என்பதுபோல் என்னிடம் சைகை காட்டினார்.

கேமராவை ஓடவிட்டு நீள மைக்கை நீட்டினேன். அக்கா வழக்கம்போல உதட்டை அசைத்தார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். வாய் கொஞ்சம் திறந்தது. ரெக்கார்டரின் முள் துள்ளியது.

அவர் கை அப்படியே நூலில் நின்றுவிட்டது.

என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி ஒரு வார்த்தை. மறுபடி முள் துள்ளியது. இரண்டு உள்ளங்கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தைச் சுளித்து, ஒரு பக்கத்தைத் தூக்கி, என் காதில் வாயை வைத்துச் சொன்னார்.

"கெணத்துக்குள்ளேருந்து பேசுத மாதிரி இருக்கு."

குட்டை மைக்கை மாற்றி, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் மேலிருந்து பிடித்தேன். பேசிப் பார்த்தார். ஒரு விரலால் அந்தக் குட்டைக் குழாயைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மைக் வாங்கும் வேலை அத்தோடு முடிந்தது.

பாடம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. தறி தறியாக நடந்தார், பேசினார். நான் கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். இருந்த ஒரே ஹெட்போன் அவர் காதில், எனக்கு முள் ஆடுவது மட்டும்தான் தெரியும். எதிர்த் தறிப் பெண்கள் அவர் வாயைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளி தறிப் பாடம் என்று நினைத்து ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்.

கண்ணாடி ரூமில் பாடத்தை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். பின்னால் தறி ஓட, முன்னால் சொர்ணம் அக்கா: "அவசரப்படாத. அறுந்த நூல் எங்கயும் ஓடிராது. மொதல்ல தறிய நிப்பாட்டு, பொறவு கைய விடு." முதலாளி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இது நம்ம சொர்ணமா? இம்புட்டு வருசத்துல நான் இவ்வளவு பேசிக் கேட்டதில்ல சார்," என்றார். பிறகு தம்பிக்கு போன் போட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். தன் தறியில் நின்றபடி சொர்ணம் அக்கா அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மெட்ராஸ் அம்மா வேண்டாம் என்று முதலாளி சொன்னது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ரயிலில் பால்கோவா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மீதிப் பதிவைக் கேட்டேன். முதலில் முதலாளியைப் பற்றி. பொங்கலுக்குக் கொடுத்த சேலையின் நிறத்திலிருந்து ஆரம்பித்து, மின்விசிறி ரிப்பேர்வரை, அவர் தலையாட்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு வசவு. அப்புறம் அக்கா ஒவ்வொரு தறியாக நின்று, தோழிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். ராக்கம்மா. பேச்சி. மகாலட்சுமி. வருஷக்கணக்கில் வாயசைத்தே கூப்பிட்ட பெயர்கள். அடுத்து நான்.

"இந்தத் தம்பி நல்ல தம்பிதான். ரெண்டு நாளா கொழாய மாத்தி மாத்தி நீட்டுதான். ஏக்கா, ஒனக்குச் சத்தம் வருதான்னு ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கலயே."

பால்கோவா டப்பாவை மூடி வைத்தேன். நிர்மலா போன் செய்தாள். எந்த மைக், ஏன் என்று கேட்டாள். குட்டையானது, அக்கா சொன்னாங்க என்றேன். இந்தத் தடவை விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

பதிவின் கடைசியில் ஒரு நிமிஷம் தறி மட்டும் ஓடுகிறது. முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தப் போனேன். அப்போது மறுபடி அவர் குரல், யாருக்கு என்றில்லாமல், மெதுவாக.

"என் சத்தம் நல்லாத்தான் இருக்கு."